மேப்பிள் மரத்தடியில் காட்டுப்பூ: முதல்முறை நடுகிறவர்களுக்கு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் பின்வளவை எட்டிப் பார்த்தால் அநேகமாக ஒரே காட்சிதான். வெயில் விழுகிற பக்கம் மிளகாய், கத்தரி, தக்காளி, பந்தலில் பாகல். மற்றப் பக்கம் ஒரு பெரிய மேப்பிள். அதன் கீழே புல்லும் வராத வெறும் மண், கால் உடைந்த கதிரை, போன வருடத்துச் சாடிகள். "அங்க ஒண்டும் வராது, நிழல்" என்பார்கள். நானும் பத்து வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

வரும். ஒன்ராறியோக் காடுகளில் மரத்தடியிலேயே வளர்ந்து பழகிய செடிகள் இருக்கின்றன. மாகாணத்தின் சின்னமாக 1937இல் எடுத்த வெள்ளை ட்ரில்லியம் அவற்றில் ஒன்று. பிளட்ரூட், ஹெபாட்டிக்கா, ட்வின்லீஃப் என்று இன்னும் பல. வருடாவருடம் நடத் தேவையில்லை. கிழங்கோ வேர்த்தண்டோ மண்ணுக்குள் கிடந்து பல பத்தாண்டுகள் முளைக்கும். ஆனால் மிளகாய்க்கன்றை வளர்க்கிற கையோடு இவற்றைத் தொட்டால் கருகிப்போகும். நான் பணத்தைக் கொட்டிப் படித்ததை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இவற்றை நிழல் செடிகள் என்று கடையில் சொல்வது பாதிதான் சரி. ரொறன்ரோப் பக்கம் மார்ச் கடைசியில் பனி கரைகிறது. மேப்பிள் முழுதாக இலைவிட மே நடுப்பகுதி ஆகிவிடும். இடையில் ஆறு வாரம் மரத்தடியில் தலைக்கு மேலே எதுவுமில்லை, நல்ல வெயில். அந்த ஆறு வாரத்துக்குள் முளைத்து, பூத்து, அடுத்த வருடத்துக்கான சாப்பாட்டில் பெரும்பங்கைக் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். மரம் இலைவிட்ட பிறகு கிடைப்பதெல்லாம் மிச்சம்தான். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஆறு வாரம்.

முதல் வருடம் ஒன்றும் வாங்காதீர்கள்

பார்க்கிற வேலை மட்டும் செய்யுங்கள். ஏப்ரல் 20 அளவில் ஒரு நாள், ஜூன் 20 அளவில் ஒரு நாள். காலை ஒன்பது, மதியம், பின்னேரம் மூன்று மணி என்று மூன்று தரம் போய், மரத்தடியில் எங்கே வெயில் விழுகிறது என்று போனில் படமெடுத்து வையுங்கள். ஏப்ரலில் வெயில், ஜூனில் நிழல் என்று இருக்கிற இடம்தான் உங்களுக்கு வேண்டியது. வீட்டுச் சுவருக்கு வடக்கே, உயரமான வேலிக்குப் பின்னால் விழுகிற நிழல் வேறு விஷயம். சுவர் இலை உதிர்க்காது. அங்கே ஏப்ரலிலும் இருட்டுத்தான். ட்ரில்லியத்தை அங்கே நட்டு ஏமாறாமல், பன்னம் (ஃபெர்ன்) வகைகளுக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது மரம் எது என்று பாருங்கள். இலையைக் காம்போடு பிடுங்கி, காம்பை உடைத்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது நோர்வே மேப்பிள். நகரத்துத் தெருக்களில் கணக்கில்லாமல் நட்டிருப்பது இதைத்தான். நிழல் மிகவும் அடர்த்தி, வேர் மண்ணின் மேற்பரப்பிலேயே பாய் விரித்ததுபோலப் பரவியிருக்கும், இலையும் நவம்பர்வரை விழாது. இதன் கீழே முடியாது என்றில்லை, கிளை முடிகிற ஓரத்துக்குத் தள்ளி வாருங்கள். பால் வராத சுகர் மேப்பிளோ ஓக்கோ இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கறுப்பு வால்நட் இருந்தாலும் பயமில்லை. அதன் வேர் விடுகிற நஞ்சில் பட்டுப்போவது தக்காளி. காட்டுச்செடிகள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஓரடி ஆழத்தில் சின்னக் கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் சரிவராது, கிழங்கு அழுகும்.

இலை, இலை, இலை

இந்தத் தோட்டத்துக்கு ஒரே பசளைதான்: உக்கிய இலை. காட்டில் யாரும் மண் கொத்துவதில்லை, உரம் வைப்பதில்லை. இலை விழுகிறது, உக்குகிறது, அதன்மேல் அடுத்த வருடத்து இலை விழுகிறது. நாங்கள் என்ன செய்கிறோம்? ஒக்டோபரில் எல்லா இலையையும் கூட்டி, பழுப்புக் கடதாசிப் பையில் அள்ளி, வாசலில் வைத்து நகரசபைக்குக் கொடுத்துவிடுகிறோம். பிறகு மே மாதத்தில் காசு கொடுத்து மண் மூட்டை வாங்குகிறோம்.

செய்ய வேண்டியது இது. புல்வெட்டும் மெஷினை இலைமேல் இரண்டு தரம் ஓட்டுங்கள், இலை துண்டுதுண்டாகும். கோழிக்கூட்டுக் கம்பிவலையை ஒரு மீற்றர் அகலத்துக்கு வட்டமாக வளைத்து நிறுத்தி, அதற்குள் கொட்டி, நனைத்து விடுங்கள். வெட்டிய இலை ஒரு வருடத்தில் உக்கும், வெட்டாத முழு இலைக்கு இரண்டு வருடமாவது வேண்டும். கையில் அள்ளினால் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் பதம். அதை மரத்தடியில் இரண்டு அங்குலத் தடிப்பில் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டாமல். பரப்பினால் போதும், கொத்திக் கலக்கத் தேவையில்லை. கொத்தினால் அறுவது மரத்தின் வேர்.

இங்கே ஆர்வத்தில் பலர் செய்கிற பிழை: லொறியில் மண் இறக்கி அரையடி உயரத்துக்கு மேடை கட்டுவது. பார்க்க வடிவாகத்தான் இருக்கும். மேப்பிளின் மேல்வேர் மூச்சுவிட முடியாமல் சில வருடத்தில் மரமே காயத் தொடங்கும். மரம் போனால் நிழலும் போச்சு, தோட்டமும் போச்சு.

எங்கள் வளவு இலை போதாமல் நான் அயலவரின் இலைப்பைகளையும் இழுத்துக்கொண்டு வருவேன். ஒருதரம் பின்னேர இருட்டில் மூன்று பையைக் காரில் ஏற்றியபோது, பின் சீற்றில் இருந்த மகள் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டாள். சரி, வெட்கத்தை விடுங்கள், இப்போது வேறொரு கவலை வந்திருக்கிறது: மண்புழு.

ஊரில் மண்புழு விவசாயியின் நண்பன். இங்கே கதை மாறி. பனியுகத்துப் பனிப்பாறைகள் மூடிக் கிடந்த இந்த மண்ணில் காடு வளர்ந்தது மண்புழுவே இல்லாமல். இன்று காண்பவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவை காட்டுத்தரையின் இலைமெத்தையை வேகமாகத் தின்றுவிடுகின்றன. அவற்றைவிட மோசமானது ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழு. தொட்டால் பாம்புபோல நெளிந்து துள்ளும், கழுத்துப் பக்கம் வெளிறிய வளையம் இருக்கும். அது இருக்கிற மண் கோப்பி வடித்த சக்கைபோலக் குறுணி குறுணியாகக் கிடக்கும். அதன் முட்டைக்கூடு குளிர்காலத்தையும் தாங்கும், இலையோடும் சாடி மண்ணோடும் வீடு மாறும்.

சோதிக்கிற முறை எங்கள் குசினியிலேயே இருக்கிறது. 4 லீற்றர் தண்ணீரில் மூன்றிலொரு கப் கடுகுத்தூளைக் கலக்கி, ஓகஸ்ட் கடைசியில், இலையை ஒதுக்கிய மண்ணில் மெதுவாக ஊற்றுங்கள். காரம் தாங்காமல் புழுக்கள் மேலே வரும், செடிக்கு ஒன்றும் ஆகாது. அயல் வளவில் துள்ளும் புழு இருந்தால் அந்த இலை வேண்டவே வேண்டாம்.

எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

ஒரு கணக்குப் பார்ப்போம். ட்ரில்லியம் விதை போட்டுப் பூக்க 7 முதல் 10 வருடம். அத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒருவர் அதை ஆறு டொலருக்கு விற்பாரா? விற்கமாட்டார். மலிவாகக் கிடைக்கிற கிழங்கு பெரும்பாலும் எங்கோ ஒரு காட்டில் தோண்டியது. இது தெரியாமல் நானும் ஒரு பெரிய கடையில் மரத்தூளோடு பிளாஸ்ரிக் பையில் தொங்கிய மூன்று கிழங்கை வாங்கினேன். ஒன்று முளைத்தது. அடுத்த வருடம் அதுவும் இல்லை. வேரெல்லாம் காய்ந்து சுருங்கியதை விற்றிருக்கிறார்கள்.

ஆகவே உள்ளூர்க் காட்டுச்செடிகளை மட்டும் விற்கிற சிறிய நர்சரிகளுக்கும், மே மாதத்தில் உள்ளூர்த் தாவரச் சங்கங்கள் நடத்துகிற விற்பனைகளுக்கும் போங்கள். கேட்க வேண்டிய கேள்வி "நர்சரியில் வளர்ந்ததா?" என்பதல்ல. காட்டில் தோண்டி ஒரு வருடம் சாடியில் வைத்திருந்தாலும் அதற்கு ஆம் என்று சொல்லலாம். "நீங்களே விதை போட்டோ பிரித்தோ உண்டாக்கியதா?" என்று கேளுங்கள். நேர்மையாக வளர்க்கிறவர் அரைமணி நேரம் நின்று கதை சொல்வார். பெயரையும் தாவரவியல் பெயராகக் கேளுங்கள், ட்ரில்லியம் கிராண்டிஃப்ளோரம் என்று. பொதுப்பெயரில் குழப்பம் அதிகம்.

ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு மே மாதத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு: அங்கே ஒரு கிழங்கையும் தோண்டக்கூடாது, பூவும் பறிக்கக்கூடாது. ஒன்ராறியோவில் எங்கேயும் ட்ரில்லியம் பறிப்பது குற்றம் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவுகிறது. அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை, பூங்காக்களிலும் பாதுகாப்பு நிலங்களிலும்தான் தடை. ஆனால் பூவைப் பறித்தால் அதற்குக் கீழே உள்ள மூன்று இலையும் சேர்ந்து வரும். அந்த மூன்றுதான் அந்த வருடத்துக்கு அதன் மொத்தச் சமையலறை. கிழங்கு பட்டினி கிடந்து பல வருடம் பூக்காது, சிலவேளை செத்தே போகும்.

தொடங்குகிறவர்கள் வைல்ட் ஜிஞ்சரில் தொடங்குங்கள். இதயவடிவ இலை, மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணிறக் குடம்போல ஒரு பூ. குனிந்து இலையை விலக்கினால்தான் பூ தெரியும். எந்த நிழலிலும் பரவும். வேரைக் கசக்கினால் இஞ்சி வாசம் வரும், அதை நம்பித் தேத்தண்ணியில் போட்டுவிடாதீர்கள். அது இஞ்சிக் குடும்பமே இல்லை, அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அப்புறம் பிளட்ரூட், சொல்லுக்குச் சொல் இரத்தவேர். ஏப்ரலில் ஒரு இலை சால்வைபோலச் சுருண்டு மொட்டைப் போர்த்திக்கொண்டு மண்ணிலிருந்து எழும். வெள்ளைப் பூ மூன்று நாலு நாள் நிற்கும், மழையடித்தால் அதுவுமில்லை. பூவுக்காக மட்டும் பார்த்தால் நட்டம். இலை கோடை நடுவரை நிற்கும், அதுவே அழகு. வேரை முறித்தால் செம்மஞ்சள் சாறு வழியும், விரலில் பட்டால் இலேசில் போகாது, நஞ்சும்கூட.

ஜாக்-இன்-த-புல்பிட் எங்கள் கரணைக்கிழங்கின் சொந்தக்காரன். பாளை விரிந்ததுபோன்ற பூவைப் பார்த்ததுமே உறவு விளங்கும். கரணையைப் போலவே தொண்டையும் நாக்கும் அரிக்கும். கிழங்கு சின்னதாக இருக்கிற வருடம் ஆண்பூ, பெருத்த வருடம் பெண்பூ, இளைத்தால் திரும்பவும் ஆண். செப்டெம்பரில் சிவப்பாகக் கொத்துப் பழம் வந்தால் உங்கள் மண் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவை மூன்றும் இரண்டு குளிர்காலம் தாங்கிய பிறகு ட்ரில்லியத்துக்குப் போங்கள். அதற்கும் பிறகு ஹெபாட்டிக்கா, ட்வின்லீஃப். ட்வின்லீஃப் கனடாவில் தெற்கு ஒன்ராறியோவில் மட்டுமே இயற்கையாக வளர்வது. வண்ணத்துப்பூச்சி இறகுபோல இரண்டாகப் பிளந்த இலை, மூடிபோட்ட செப்புப்போல விதைக்காய். 1792இல் தாமஸ் ஜெஃபர்சனின் பெயரை அதற்கு வைத்தார்கள். பூ ஒருநாள் இரண்டுநாள்தான், அந்த நாளில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

லேடிஸ் ஸ்லிப்பர் ஓர்கிட்டைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். அதன் விதை மண்ணில் உள்ள பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது, காட்டில் தோண்டியது பெரும்பாலும் தோட்டத்தில் பிழைக்காது. ஆய்வுகூடத்தில் வளர்த்த கன்றுக்கு நல்ல விலை.

நடுகிற நாள்

சாடிச்செடி என்றால் மே. வெறும் கிழங்கு, நண்பர் பிரித்துத் தந்தது என்றால் செப்டெம்பர். மேல்பக்கம் வாடிப்போயிருக்கும், கிழங்கு விழித்திருக்கும், நிலம் உறையுமுன் வேர்விட நேரமுண்டு. யாரிடம் வாங்கினாலும் வேரைத் தண்ணீரில் அலசி, பழைய மண்ணைக் குப்பையில் போட்டுவிட்டு நடுங்கள். புழுக்கூடு வருவது அந்த மண்ணில்தான்.

மண்வெட்டி வேண்டாம், கைக்கரண்டி போதும். மரவேர்களுக்கு இடையில் விரலால் துழாவி ஓர் இடைவெளி தேடுங்கள். பெருவிரல் தடிப்புக்கு மேற்பட்ட வேர் குறுக்கே வந்தால் இடத்தை மாற்றுங்கள், வேரை வெட்டாதீர்கள். ட்ரில்லியம் கிழங்கை மொட்டு மேலே பார்க்க மூன்று நாலு அங்குல ஆழத்தில் வையுங்கள். பிளட்ரூட்டைப் படுக்கவைத்து ஒரு அங்குலம் மூடினால் போதும். ஒன்றை இங்கே ஒன்றை அங்கே என்று விதைத்ததுபோல நடாமல் மூன்றோ ஐந்தோ சேர்த்து, ஓரடி இடைவெளியில். தண்ணீர் ஊற்றி இலையால் மூடுங்கள்.

மூடிய மறுநாள் அணில் வரும். அதற்குக் கிழங்கு பெரிதாக வேண்டியதில்லை, புதிதாகக் கிளறிய மண் எங்கேயிருந்தாலும் கிண்டிப் பார்க்க வேண்டும். கம்பிவலைத் துண்டை மேலே விரித்து நாலு கல்லை வைத்துவிட்டு, ஏப்ரலில் எடுத்துவிடுங்கள். முதல் கோடை முழுக்க வாரத்துக்கு ஒரு அங்குலம் மழையோ தண்ணீரோ கிடைக்க வேண்டும். மேப்பிள் ஒரு பெரிய குடிகாரன், விட்டால் எல்லாத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும்.

ஜூலையில் காணாமல் போகும்

இங்கேதான் புதியவர்கள் நம்பிக்கை இழப்பார்கள். நட்ட வருடம் ஜூலையில் எங்கள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "காசைக் குடுத்து வாங்கின கண்டெல்லாம் பட்டுப்போச்சு, மோன்" என்றா. பட்டுப்போகவில்லை, வேலை முடிந்து படுத்துவிட்டது. மஞ்சளான இலையை அழகுக்காக வெட்டாதீர்கள், தானாகக் காயட்டும். கிழங்குக்கு அது கடைசிச் சொட்டுவரை இறக்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எங்கே படுத்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐஸ்கிறீம் குச்சியில் மார்க்கரால் எழுதி வைத்தேன், ஒரே குளிர்காலத்தில் எழுத்துப் போய்விட்டது. அடுத்த ஓகஸ்டில் வெறும் இடம்தானே என்று பன்னம் நட மண் கிளறுகிற இரும்பு முள்ளைக் குத்தினேன். வெளியே எடுத்தபோது முள்ளின் நுனியெல்லாம் செம்மஞ்சள். நாலு வருடத்துப் பிளட்ரூட், நடுவால் இரண்டு துண்டு. நல்லகாலம், ஒவ்வொரு துண்டிலும் மொட்டு இருந்ததால் திரும்ப நட்டு இரண்டும் பிழைத்தன. அதற்குப் பிறகு பழைய ஜன்னல் பிளைண்டின் பட்டையை வெட்டிப் பென்சிலால் எழுதுகிறேன். மார்க்கர் போகிற இடத்தில் பென்சில் அப்படியே நிற்கிறது.

ஓடில்லா நத்தை மழைநாளில் இளந்தளிரைக் கடிக்கும், இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. நகர எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு மான் தொல்லை. ட்ரில்லியம் என்றால் அதற்கு லட்டு, வலைதவிர வேறு வைத்தியமில்லை. பூண்டு வாசம் வருகிற கார்லிக் மஸ்டர்ட் என்ற களை தலைகாட்டினால் காய் வைக்குமுன் வேரோடு பிடுங்குங்கள்.

விதை போட ஆசைப்பட்டால்

ஆசைப்படுங்கள். ஒரே விதி, விதை காயக்கூடாது. கடுகு மிளகாய் விதைபோலக் கடதாசியில் சுற்றி அலுமாரியில் வைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். பிளட்ரூட் காய் ஜூனில், ட்ரில்லியம் காய் ஜூலையில் பழுக்கும். அன்றே விதையுங்கள்.

பிந்தினால் எறும்பு முந்தும். விதையின் பக்கத்தில் வெள்ளையாகச் சதைப்பற்றான ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும், கொழுப்பு நிறைந்தது. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போய், துணுக்கைத் தின்றுவிட்டு, விதையைத் தன் குப்பைமேட்டில் எறிந்துவிடும். அங்கே அது முளைக்கும். என் நடைபாதைக் கல்லிடுக்கில் நான் நடாத ஒரு பிளட்ரூட் நிற்கிறது, எறும்பு நட்டது.

சாடியில் போடுகிறவர்கள் பாதி மண், பாதி உக்கிய இலை கலந்து, விதைமேல் அரை அங்குலம் மூடி, மேலே கம்பிவலை கட்டி, மரத்தடியிலேயே வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குளிர் பட வேண்டும். ட்ரில்லியத்துக்கு ஒரு குளிர்காலம் போதாது. முதல் குளிருக்குப் பிறகு மண்ணுக்குள் வேர் மட்டும் விடும், மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாவது குளிருக்குப் பிறகுதான் புல்போல ஒற்றை இலை. அதனால் முதல் ஏப்ரலில் வெறுஞ்சாடியைப் பார்த்து மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், நான் ஒருதரம் கொட்டினேன்.

இப்போது என்னிடம் இருக்கிறது இரண்டாவது சாடி, 2019இல் விதைத்தது. போன மே மாதம் ஆறு கன்றில் நாலுக்கு மூன்று இலை வந்துவிட்டது, மற்ற இரண்டும் இன்னும் ஒற்றை இலைதான். பூ இல்லை. அம்மா காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போய்க் குனிந்து பார்ப்பா, "இந்த வருசமும் இல்லையாமோ" என்பா, பிறகு காற்றில் பறந்துவந்த இலை இரண்டைப் பொறுக்கிச் சாடிக்குமேல் வைத்துவிட்டு வருவா.